சுண்டல் வராமல் கூட்டம் கலையாது

காட்டின் நடுவில் ஒரு குளம். குளத்துக்கு மேற்கே ஒரு வயல். அந்த வயலில் மூக்காயி என்கிற காட்டுப்பன்றி விவசாயம் செய்துவந்தது.

காட்டுப்பன்றி விவசாயம் செய்யுமா என்று கேட்காதீர்கள். அடுத்தவர் வயலையெல்லாம் உழுது தள்ளுகிற மூக்கு, தன் சொந்த வயலை உழாதா? ஏர் வேண்டாம், மாடு வேண்டாம். மூக்காயி மூக்கை மண்ணில் வைத்து ஒரு தள்ளு தள்ளினால் நேராக ஒரு சால் விழும். அதன் குட்டிகள் பின்னாலேயே வரிசையாக வந்து மண்கட்டிகளை மிதித்து உடைக்கும்.

மூக்காயி விதைத்தது தட்டைப்பயறு. கோடையில் காடே காய்ந்து கிடக்கும்போது எல்லோர் வயிற்றையும் அந்தப் பயறுதான் காப்பாற்றும்.

வயலுக்கு விதை வந்து சேரக் காட்டில் ஓர் ஏற்பாடு இருந்தது. மலைச்சரிவுக் கொடிகளிலிருந்து காய் பறிப்பது செம்பவளம் என்கிற கிளி. பறித்ததைச் சுமந்து வருவது கருமுத்து என்கிற எருமை. அதை வாங்கிப் புற்றுக்குள் சேமித்து வைப்பது எறும்புகள். அவற்றின் மேஸ்திரிக்குக் கடுகன் என்று பெயர். சேமித்த விதையைச் சோதித்து, "நல்ல விதை" என்று தன் இறகு ஒன்றைச் செருகி அனுப்புவது சிங்காரம் என்கிற மயில்.

இவர்கள் எல்லோருக்கும் மேலே ஒருங்கிணைப்பாளர் என்ற பதவியில் சபாபதி என்கிற நரி இருந்தது. அது என்ன வேலை செய்கிறது என்று யாருக்கும் தெரியாது. கேட்டால், "நான்தானே உங்களையெல்லாம் ஒருங்கிணைக்கிறேன்!" என்று சொல்லிவிட்டு வாலைத் தடவிக்கொள்ளும்.

ஏற்பாடு அழகாகத்தான் இருந்தது. விதைதான் முளைக்கவில்லை.

போன வருடம் முளைக்கவில்லை. அந்தக் கோடையில் பசி தாங்காமல், குட்டிகளின் அப்பா வேலி தாண்டி ஊர்க்காரர்களின் கடலைக் காட்டுக்குப் போனது. வேலியில் மின்சாரக் கம்பி வைத்திருந்தார்கள். போனது திரும்பி வரவே இல்லை. அன்றைக்கு மூக்காயி அழுதுகொண்டே ஒரு சத்தியம் செய்தது. என் குட்டிகளில் ஒன்றுகூட இனி வேலிப்பக்கம் போகாது!

சத்தியம் செய்வது சுலபம். பசித்த குட்டிகளை வைத்துக்கொண்டு அதைக் காப்பாற்றுவது அத்தனை சுலபம் இல்லை.

இந்த வருடமும் முதல் மழைக்கு விதைத்தது. முளைக்கவில்லை. அடுத்த மழைக்கு விதைத்தது. அதுவும் முளைக்கவில்லை. மண்ணைக் கிளறிப் பார்த்தால் உள்ளே எல்லாம் அழுகிக் கிடந்தன. வானத்தைப் பார்த்தால் இந்தப் பருவத்துக்கு இன்னும் ஒரே ஒரு மழைதான் மிச்சம் இருக்கும் போலத் தோன்றியது.

மூக்காயி நேராக மயிலிடம் போனது.

"சிங்காரண்ணே! நீங்க அனுப்புன விதை முளைக்கவே இல்லை!"

"முளைக்கலையா? மூட்டையில என் இறகு இருந்துச்சா?"

"இருந்துச்சுண்ணே."

"நேரா இருந்துச்சா, சாய்ஞ்சு இருந்துச்சா?"

"நேராத்தான் இருந்துச்சு."

"அப்புறம் என்ன! இறகு நேரா இருந்தா விதை நல்ல விதைதான். உன் மண்ணுலதான் ஏதோ கோளாறு!" என்று மயில் கழுத்தைத் திருப்பிக்கொண்டது.

மூக்காயி எறும்பு மேஸ்திரியிடம் போனது.

"என் புத்துக்குள்ள ஒரே ஒரு விதைகூட கெட்டுப்போனது கிடையாது!" என்று மீசையை முறுக்கியது கடுகன். "வேணும்னா உள்ள வந்து பாரு!"

மூக்காயி எறும்புப் புற்றுக்குள் போய்ப் பார்ப்பதாவது! மூக்கின் நுனிகூட உள்ளே போகாது. பெருமூச்சு விட்டுவிட்டு எருமையிடம் போனது.

"நானா? தலையில வெச்சுத் தாங்குறேன்மா அந்த விதைய!" என்றது கருமுத்து. "வெயில் படாம, குளுகுளுன்னு கொண்டுவந்து சேர்க்குறேன். என்னைப் போய்க் கேக்குறியே!"

கிளிக்குக் கேட்டதுமே கோபம் வந்துவிட்டது. "நான் பறிக்கிற மாதிரி அழகான காய் இந்தக் காட்டுலயே கிடையாது மூக்காயி! ஒவ்வொண்ணையும் முத்தம் கொடுத்துப் பறிக்கிறேன்!"

எல்லோர் வேலையும் சுத்தம். எல்லோர் மனதும் சுத்தம். முளைக்காமல் போனது வயல் மட்டும்தான். மூக்காயிக்குத் தலை சுற்றியது.

அப்போது புதருக்குள்ளிருந்து நரி எட்டிப் பார்த்தது. அதன் கண்கள் பளபளத்தன.

"கவலையை விடு மூக்காயி! இதுக்குத்தான் நான் இருக்கேன். ஒரு கூட்டம் போட்டுடுவோம்!"

நரிக்குக் கூட்டம் என்றால் உயிர். யாராவது தும்மினால்கூடத் தும்மல் பற்றி ஒரு கூட்டம் போட்டுவிடும்.

குளத்தங்கரை நாவல் மரத்தடியில் கூட்டம் கூடியது. பெரிய பாறைதான் மேடை. விதையோடு சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரும் மேடையில் உட்கார வேண்டும் என்று நரி சொல்லிவிட்டது. கிளி ஏறியது, எருமை ஏறியது, மயில் ஏறியது, எறும்புகள் கூட்டமாக ஏறின. கேட்பதற்குக் கீழே மூக்காயியும் குட்டிகளும் மட்டும்தான் மிச்சம்.

முதலில் பொன்னாடை. தாமரை இலையைப் பறித்து ஒவ்வொருவருக்கும் போர்த்தியது நரி. எறும்புகளுக்கு மொத்தமாக ஓர் இலை போட்டது. இலைக்கு அடியில் வழி தெரியாமல் போன எறும்புகள் கூட்டம் முடியும்வரை வெளியே வரவில்லை. வரவேற்புரை முழுவதும் "யாராவது இலையைத் தூக்குங்க!" என்று கடுகனின் குரல் மட்டும் சன்னமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. பேச்சின் சுவாரசியத்தில் நரி அதைக் கைத்தட்டல் என்று நினைத்துக்கொண்டது.

"அன்பார்ந்தவர்களே! ஒத்துழைப்பு! ஒத்துழைப்பு! ஒத்துழைப்பு!" என்று நரி முழங்கியது. "இனிமேல் எல்லோரும் ஒத்துழைப்பது என்று இந்தக் கூட்டம் ஒருமனதாகத் தீர்மானிக்கிறது!"

"யாரோட ஒத்துழைக்கிறது?" என்று கீழேயிருந்து மூக்காயி கேட்டது.

"அருமையான கேள்வி! அதை முடிவு பண்ண ஒரு துணைக்குழு போடலாம்!"

"எதுக்காக விதை முளைக்கலைன்னு நான் ஒரு வார்த்தை பேசலாங்களா?"

நரி முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டது. "பேசலாம்தான். ஆனா விவசாயிக்கு இன்னிக்கு நேரம் ஒதுக்கலையே! அடுத்த கூட்டத்துல கண்டிப்பா பார்க்கலாம்."

அடுத்தது நினைவுப்படம். எல்லோரும் குளக்கரையில் வரிசையாக நின்று தண்ணீரில் தெரியும் தங்கள் உருவத்தை ரசிக்க வேண்டும். ரசித்துக்கொண்டிருந்தபோதே எருமைக்கு ஆசை தாங்கவில்லை. தொபுக்கென்று குளத்தில் இறங்கிவிட்டது. படம் கலைந்துபோயிற்று. தண்ணீர் அடங்கியதும் மறுபடி எடுத்தார்கள். மறுபடி எருமை இறங்கியது.

கிளி மெல்ல இறக்கையை விரித்தது. மயில் நகரப் பார்த்தது. நரி பதறிக்கொண்டு ஓடிவந்து வழியை மறித்தது.

"எங்கே கிளம்புறீங்க? இன்னும் சுண்டல் வரலை! சுண்டல் வராம கூட்டம் கலையாது. இதுதான் என்னோட முதல் விதி! இல்லேன்னா எல்லாரும் பாதியிலேயே ஓடிடுறீங்க."

சூடான பாறையில் வாட்டி, காட்டு மிளகு தூவிய சுண்டல் தேக்கிலையில் வந்தது. மூக்காயிக்கும் கொடுத்தார்கள். பசியில் அது வாய் நிறைய அள்ளிப் போட்டுக்கொண்டது.

"ஆகா, என்ன ருசி! மெத்துமெத்துன்னு இருக்கே! பயறு ஏது தலைவரே?"

"ஏதா? உனக்கு விதைக்கு அனுப்புறதுக்காக வெச்சிருந்தது! இந்தக் கடைசி மழைக்கு உள்ள பயறு. கூட்டம் முக்கியமாச்சே, அதான் எடுத்துட்டோம்!" என்று சந்தோஷமாகச் சொன்னது நரி.

மூக்காயியின் வாய் அப்படியே நின்றது. தின்னவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. வரப்போகிற வருடம் முழுவதும் தன் வாய்க்குள் இருப்பது அதற்குப் புரிந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கடைக்குட்டி அம்மாவின் காதருகில் வந்து கேட்டது. "அம்மா, சுண்டல் தீந்துபோச்சு. இன்னும் பசிக்குது. வேலிப்பக்கம் போய் ஏதாவது கிடைக்குமான்னு பார்க்கட்டுமா?"

மூக்காயிக்கு அழுகை வந்தது. அழுகைக்குப் பின்னாலேயே கோபமும் வந்தது. கோபம் வந்ததும் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது.

அது கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தது. "தலைவரே! கூட்டம் பிரமாதம்! அடுத்த கூட்டம் நாளைக்குக் காலையில என் வயல்லயே வெச்சுக்கலாம். சுண்டல் நான் தர்றேன்!"

சுண்டல் என்றதும் மேடை முழுவதும் கலகலப்பாயிற்று. "ஒருமனதாக!" என்றது நரி. இலைக்கு அடியிலிருந்து எறும்புகளும் "ஒருமனதாக!" என்றன.

மறுநாள் விடிந்ததும் எல்லோரும் வயலில் ஆஜர். மூக்காயியின் வயலை அவர்கள் யாரும் அதுவரை பார்த்ததே இல்லை. கிளி ஒரு சாலில் உட்கார்ந்தது. மயில் மண் படாமல் தோகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இன்னொரு சாலில் உட்கார்ந்தது. எருமை அகலமாகப் படுத்துக்கொண்டு கண்ணை மூடியது. மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

நரி தொண்டையைச் செருமியது. "வரவேற்புரையைச் சுருக்கிக்கிறேன். முதல்ல சுண்டலைக் கொண்டுவந்துடும்மா!"

"சுண்டல்தானே தலைவரே? இந்த மண்ணுக்குள்ள இருக்கணும்," என்றது மூக்காயி.

"இருக்கா?"

"இல்லை. நீங்க கொடுத்த விதை முளைச்சாத்தானே பயறு வரும்? பயறு வந்தாத்தானே சுண்டல்? சுண்டல் வந்தாத்தானே கூட்டம் கலையும்? சுண்டல் வராம கூட்டம் கலையாது! உங்க விதிதான் தலைவரே!"

நரி வாயைத் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது. "அந்த விதியைத் தளர்த்துறதுக்கு வேணும்னா ஒரு துணைக்குழு..."

"அந்தத் துணைக்குழுவுக்கும் சுண்டல் இங்கேதான்!"

எழுந்து போயிருக்கலாம்தான். யாரும் கட்டிப்போடவில்லை. ஆனால் முதலில் எழுந்து போனவர் என்ற பெயர் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. தவிர, தான் போன பிறகு சுண்டல் வந்துவிட்டால்? அந்த நினைப்பிலேயே அத்தனை பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

மூக்காயி போன முறை விதைத்ததில் மிஞ்சிய ஒரு பிடி விதையைக் கொண்டுவந்து தேக்கிலையில் கொட்டியது. "இதைப் பாருங்க. இதுதான் எனக்கு வந்து சேருது. ஏன் முளைக்கலைன்னு கண்டுபிடிங்க. கண்டுபிடிச்சா வீட்டுக்குப் போகலாம்."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். தன் கையை விட்டுப் போன விதை கடைசியில் எப்படி இருக்கிறது என்று அவர்கள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"இதென்ன?" என்றது எருமை. "எல்லா விதையும் நுனி இல்லாம இருக்கு! யாரோ கடிச்சு வெச்சிருக்காங்களே!"

"யாரோ இல்லை, நாங்கதான்!" என்று பெருமையாக முன்னால் வந்தது எறும்பு மேஸ்திரி. "ராப்பகலா உட்கார்ந்து ஒவ்வொரு விதையா நுனியைக் கடிச்சு எடுக்கிறோம். ஈரத் தானியம் வந்தா அப்படிப் பண்றது எங்க குல வழக்கம். கடிக்கலேன்னா என்ன ஆகும் தெரியுமா? முளைச்சிடும்!"

எல்லோரும் கடுகனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"முளைச்சா என்ன மேஸ்திரி?" என்று மெதுவாகக் கேட்டது மூக்காயி.

"என்னவா? முளைச்சா கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்! என் புத்துல ஒண்ணுகூட முளைச்சதில்லைன்னு நான் மார் தட்டிச் சொல்வேன்!"

"மேஸ்திரி, விதை முளைக்கிறதுக்குத்தானே!"

கடுகனின் மீசை இரண்டும் தொங்கிப்போயிற்று. "முளைக்கிறதுக்கா? தின்கிறதுக்கு இல்லையா? இத்தனை நாளா எனக்கு யாருமே சொல்லலையே!"

சொல்லாதது யார் குற்றம் என்று கேட்டால், அந்தக் கூட்டத்தில் எல்லோருமே தலையைக் குனிந்துகொள்ள வேண்டியதுதான்.

கடுகன் சட்டென்று எருமையின் பக்கம் திரும்பியது. "அதுசரி, முன்னெல்லாம் காய்ஞ்ச விதைதானே வந்துச்சு? நாங்க கடிக்கவே மாட்டோமே! இப்போ எல்லாம் ஏன் சொட்டச் சொட்ட நனைஞ்சு வருது?"

"குளத்துல முங்கி எழுந்து வர்றேன், அதான்!" என்றது கருமுத்து. "நான் என்ன பண்றது? கிளியம்மா பச்சைக் காயாப் பறிச்சுப் போடுறாங்க. சாறு ஒழுகி முதுகெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டுது, ஈ மொய்க்குது. கழுவாம எப்படி மேஸ்திரி வாசல்ல கொண்டுவந்து வைக்கிறது? மரியாதையா இருக்குமா?"

எல்லோரும் கிளியைப் பார்த்தார்கள்.

"பிஞ்சாப் பறிக்கணும்னு எனக்கு என்ன ஆசையா!" என்று படபடத்தது செம்பவளம். "போன வருஷம் ஒரு நாள் மரத்து மேல இருந்து பார்த்தேன். சிங்காரண்ணன் ஒரு காய்ஞ்ச விதையை வாயில போட்டுத் தூன்னு துப்பினாரு. முகத்தைச் சுளிச்சாரு. சரி, நம்ம காய்ஞ்ச விதை அவருக்குப் பிடிக்கலை போலன்னு அன்னியிலேருந்து இளசாப் பறிச்சு அனுப்புறேன். அவரோட ஒத்துழைக்கணும்னுதான்!"

எல்லோரும் மயிலைப் பார்த்தார்கள்.

மயில் தோகையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டது. தோகைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. "அது கடிக்க முடியாம கல்லு மாதிரி இருந்துச்சு, துப்பிட்டேன்."

"நீங்க விதையை எப்படிண்ணே சோதிக்கிறீங்க?" என்று கேட்டது மூக்காயி.

"எப்படியா? தின்னுதான்! ருசியா இருந்தா நல்ல விதை."

"அப்போ நல்ல விதையெல்லாம்?"

"தின்னுடுவேன். தின்னாத்தானே நல்லதுன்னு தெரியும்! அதுலயும் இந்த எறும்புங்க கடிச்ச விதையில ருசி சட்டுன்னு பிடிபடறதில்லை. நிறையத் தின்னு பார்க்க வேண்டியிருக்கு."

"மூட்டையில இறகு செருகி எனக்கு அனுப்புறது?"

"அது நான் துப்பினது, பிடிக்காதது, மிச்சம் மீதி. நல்லதைத்தான் தின்னாச்சே!"

மூக்காயி சாலிலேயே உட்கார்ந்துவிட்டது. மயில் துப்பியதால் கிளி பிஞ்சாகப் பறித்தது. கிளி பிஞ்சாகப் பறித்ததால் எருமை நனைத்தது. எருமை நனைத்ததால் எறும்பு கடித்தது. எறும்பு கடித்ததால் மயில் இன்னும் நிறையத் தின்றது. ஒருவர்மேலும் கோபப்பட வழியில்லை. எல்லோரும் அடுத்தவருக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, அடுத்தவரை ஒரு வார்த்தை கேட்காமல், இரண்டு வருடமாக ஒரு வயலைச் சாகடித்திருக்கிறார்கள்!

"எல்லாத்துலயும் ஒரு நன்மை உண்டு," என்று ஆரம்பித்தது நரி.

"சும்மா இருங்க தலைவரே!" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்தக் காட்டில் உண்மையாகவே ஒருமனதாக நடந்த முதல் காரியம் அதுதான்.

மூக்காயியின் கண்ணில் நீர் நின்றது. "இருந்ததையும் சுண்டலாத் தின்னாச்சு. மேகம் வந்து நிக்குது. இப்போ நான் எதை விதைப்பேன்? என் பிள்ளைங்களை அந்த வேலிக்கு அனுப்புறதைத் தவிர எனக்கு என்ன வழி இருக்கு, சொல்லுங்க!"

எருமைகூடக் கண்ணைத் திறந்து வைத்திருந்தது.

கிளி தயங்கித் தயங்கிக் கேட்டது. "மூக்காயி, உனக்கு எந்த மாதிரி விதை வேணும்?"

இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை யாரும் மூக்காயியிடம் கேட்டதில்லை.

"கொடியிலயே முத்தி, தோல் பழுப்பாகி, ஆட்டினா உள்ள கிலுகிலுன்னு சத்தம் போடணும். அந்த மாதிரி."

"அய்யய்யோ, அந்த அசிங்கமா?" என்று கத்தியது கிளி. "அதை நான் தொடவே மாட்டேனே! சரிவு முழுக்க அப்படியே தொங்கிக்கிட்டுக் கிடக்கு! காத்தடிச்சா கிலுகிலுன்னு சத்தம், எனக்குத் தூக்கமே வர்றதில்லை!"

மூக்காயி துள்ளி எழுந்தது. "எல்லாரும் எந்திரிங்க! மழை கொட்டி அது நனையறதுக்குள்ள பறிச்சாகணும்!"

"கூட்டம் கலையலையே!" என்றது நரி.

"கூட்டம் அப்படியே நடந்து மலைக்குப் போகுது. வாங்க!"

கூட்டம் மலைச்சரிவுக்கு நடந்தது. கிளி தன் கூட்டத்தையெல்லாம் கூப்பிட்டுக் காய்ந்த காய்களைப் பறித்துப் போட்டது. எறும்புகள் தோலை உரித்து, நுனியைக் கடிக்காமல் விதையைப் பிரித்தன. கடிக்காமல் இருப்பது அவற்றுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. ஓர் எறும்பு வாயை மூடிக்கொண்டு அழுததாகக்கூடச் சொல்கிறார்கள். மயில் தானாகவே முன்வந்து, "என் அலகைக் கொடியால கட்டிடுங்க, எனக்கே என்மேல நம்பிக்கை இல்லை!" என்றது. கட்டிவிட்டார்கள்.

எருமையின் முதுகில் விதையை ஏற்றியதும் தூறல் விழ ஆரம்பித்தது. விதை நனைந்துவிடுமே! எல்லோரும் மயிலைப் பார்த்தார்கள். மயில் ஒரு நிமிடம் யோசித்தது. பிறகு எருமையின் முதுகில் ஏறி உட்கார்ந்து தோகையை முழுசாக விரித்து விதையின்மேல் கவிழ்த்துக்கொண்டது. வாய் கட்டிய மயிலைக் குடையாகப் பிடித்துக்கொண்டு ஓர் எருமை ஊர்வலம் போவதை அந்தக் காடு அதற்கு முன் பார்த்ததில்லை.

குளம் கண்ணில் பட்டது. கருமுத்துவின் கால்கள் தாமாகவே குளத்துப் பக்கம் திரும்பின.

"கருமுத்தண்ணே! வேண்டாம்!" என்று எல்லோரும் அலறினார்கள்.

"நான் வேண்டாங்குறேன், கால் கேக்க மாட்டேங்குது!" என்று எருமையும் அலறியது.

கடுகன் தன் ஆட்களோடு எருமையின் காதுக்குள் ஏறியது. "இப்போ கடிக்கலாமா மூக்காயி?"

"இப்போ கடிங்க!"

எருமை ஒரு துள்ளு துள்ளி, குளத்தைத் தாண்டி, நேராக வயலில் வந்துதான் நின்றது.

மழை கொட்டிக்கொண்டிருந்தது. மூக்காயி மழையிலேயே மூக்கை மண்ணில் வைத்துச் சால் போட்டது. எறும்புகள் ஆளுக்கொரு விதையைத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் பின்னால் வந்து போட்டன. குட்டிகள் மண்ணைத் தள்ளி மூடின. தோகையில் ஒட்டிய சேற்றைப் பற்றி மயில் ஏதோ சொல்லப் பார்த்தது. அலகு கட்டியிருந்ததால் நல்லவேளையாக யாருக்கும் கேட்கவில்லை.

அதன்பிறகு எல்லோரும் வயல் ஓரத்தில் உட்கார்ந்து மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. கூட்டம் இன்னும் கலையவில்லையே!

முதலில் பார்த்தது எறும்பு மேஸ்திரிதான். அதன் மூக்குக்கு நேராக மண் லேசாக வெடித்து ஒரு பச்சை நுனி வெளியே வந்தது.

"ஐயோ, கெட்டுப்போச்சு!" என்று பழக்க தோஷத்தில் கத்திவிட்டது கடுகன். கத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டது. அப்புறம் அந்தப் பச்சை நுனியைச் சுற்றிச் சுற்றி வந்து, "எவ்வளவு அழகாக் கெட்டிருக்கு பாரு!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

அந்தப் பருவம் முழுக்க அந்தக் கூட்டம் நடந்தது. சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் கிளி பூச்சி பொறுக்கியது. எருமை உரம் போட்டது, அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. நரிக்குப் பேச ஆள் இல்லாமல் போகவே, செடிகளைப் பார்த்து வரவேற்புரை ஆற்றிக்கொண்டு களை பிடுங்கியது.

கடைசியில் காய்கள் முற்றிப் பழுத்துக் கிலுகிலுத்தன. காற்றடித்தபோது வயல் முழுவதும் சத்தம் கேட்டது. கிளிக்கு அன்றைக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

அறுவடை முடிந்ததும் மூக்காயி முதலில் செய்தது ஒன்றுதான். நன்றாகக் காய்ந்த, முற்றிய விதைகளை எல்லோர் கண்முன்னாலும் தனியாகக் குவித்தது. எருமை அதைக் குளத்துப் பக்கம் போகாமல் மேட்டு வழியாகச் சுமந்தது. எறும்புகள் நுனியைத் தொடாமல் வாங்கி வைத்தன. மயில் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து ஈர மணலில் போட்டு, முளைக்கிறதா என்று காத்திருந்து பார்த்தது. முளைத்த பிறகே இறகைச் செருகியது. இறகு கொஞ்சம் சாய்ந்துதான் இருந்தது. யாரும் கவலைப்படவில்லை.

மிச்சப் பயறில் சுண்டல் செய்தார்கள். தேக்கிலையில் ஆவி பறக்க வந்தது. நரி வாய் நிறையச் சுண்டலோடு எழுந்து நின்றது. "கூட்டம் இனிதே..." என்று ஆரம்பித்து, எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டு, பேசாமல் உட்கார்ந்து தின்றது.

கடைக்குட்டி இன்னொரு இலையை நீட்டியது. வயிறு பந்து மாதிரி உப்பியிருந்தது. "அம்மா, இனிமே நாம வேலிப்பக்கம் போகவே வேண்டாமா?"

"வேண்டாம்டா தங்கம்," என்றது மூக்காயி. குட்டியின் இலையில் இன்னும் ஓர் அள்ளு சுண்டல் வைத்தது.

ஆகவே, விதையைப் பறிப்பவரும் சுமப்பவரும் சேமிப்பவரும் சோதிப்பவரும் தத்தம் வேலையைத் தனித்தனியே சரியாகச் செய்துவிட்டதாக நினைத்தால் போதாது. ஒருவரோடொருவர் பேசி, விதைக்கிறவருக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேட்டுச் செய்தால்தான் வயல் விளையும்.